இயற்கை மருந்து என்றால் கண்ணாடி வேண்டாமா?

போன மாதம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். சாமி ஊர்வலம் லயத்தைச் சுற்றி வருவதற்குள், நீண்டநாள் பழக்கமான ஓர் அக்கா என்னைத் தன் வீட்டுப் பின்புறத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். பதினெட்டு வருஷம் முதுகில் மருந்துப் பம்பு சுமந்தவர். இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டோரத்தில் கத்தரி, வெண்டை, இரண்டு முருங்கை என்று போட்டிருக்கிறார். கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் பச்சை லேபல் ஒட்டிய ஐந்து லிட்டர் தோம்பு ஒன்று இருந்தது.

"தம்பி, என் மக டவுன்ல வாங்கிக்கிட்டு வந்தா. இது இயற்கையான புல்லு மருந்தாம். விஷமே இல்லையாம். கையுறை, கண்ணாடி ஒண்ணுமே வேணாமாம். நெசந்தானா?"

லேபலைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் இலைப் படம். பின்பக்கம் சின்ன எழுத்தில், அசிட்டிக் அமிலம் 20 விழுக்காடு என்று இருந்தது. அசிட்டிக் அமிலம் வேறொன்றுமில்லை, ஊறுகாய்க்கு நாம் ஊற்றுகிற வினிகர்தான். ஆனால் சமையல் வினிகரில் அது 4, 5 விழுக்காடுதான் இருக்கும். இதில் நாலு மடங்கு! 11 விழுக்காட்டைத் தாண்டினாலே தோலைச் சுடக்கூடிய சரக்கு அது. 20 விழுக்காடு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே நிரந்தரமாகக் கேடு வரலாம்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. பாவம், மகள் ஆசையாக வாங்கி வந்தது. அம்மா இத்தனை வருஷம் விஷத்தோடு மல்லுக்கட்டியது போதும் என்று நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பில் தப்பில்லை. இந்தக் கேள்வி நம் தோட்டப்புறத்தில் பல வீடுகளில் இன்று எழுகிற கேள்வி என்பதால், கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம்.

முதலில் 'இயற்கை' என்ற சொல்லைப் பார்ப்போம். நம் பாட்டன்மார் காலத்தில், 1950கள் வரைக்கும், கித்தாத் தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல அடித்தது சோடியம் ஆர்சினைட். அதாவது பாஷாணம். பாஷாணம் மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் கிடைப்பதுதான். அதைவிட இயற்கையான பொருள் எங்கே இருக்கிறது? மருந்தடித்த புல்லை மேய்ந்த மாடு பிழைக்காது. கையால் தொட்டு வேலை செய்தவர்களுக்குப் புண் ஆறாது. ஆகவே, ஒரு பொருள் செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அது நம்மை என்ன செய்யும் என்று சொல்லிவிட முடியாது.

அதற்காகத் தொழிற்சாலை மருந்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. என் தாயாரும் மருந்தடித்தவர்தான். 1970களில், பெயர் வேண்டாம், ஒரு தோட்டத்தில். காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது தலைத்துண்டு, பழைய நீளக்கைச் சட்டை, கைலி. அவ்வளவுதான் பாதுகாப்பு. பம்பு ஒழுகும். முதுகு நனையும். மாலையில் வந்து குளித்த பிறகும் அந்த வாடை போகாது. கை நகங்கள் வெளுத்து, குறுக்கே வெடித்து, ஒன்றிரண்டு கழன்றே விழுந்தன. சில நாள் மூக்கிலிருந்து ரத்தம் வரும். டிரஸ்ஸர் ஒரு களிம்பு கொடுப்பார். "உடம்புச் சூடும்மா" என்பார். அம்மாவும் நம்பி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். நகம் வெடிப்பதும் மூக்கில் ரத்தம் வருவதும் பராகுவாட் என்ற மருந்து படுவதனால் வருகிற அடையாளங்கள் என்று எனக்குத் தெரியவந்தது பல வருஷம் கழித்துத்தான்.

பராகுவாட் என்று சொன்னால் பலருக்கு விளங்காது. கிராமக்சோன் என்றால் தெரியாதவர் உண்டா? 1960களில் நம் நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தது. வெயில் அடிக்கும்போது தெளித்தால் அன்று மாலையே இலை கருகத் தொடங்கும். துரைமாருக்கு அந்த வேகம் பிடித்துப்போயிற்று. ஆனால் கலக்காத மருந்து ஒரு வாய் உள்ளே போனால் போதும், மனிதன் பிழைப்பது அரிது. நுரையீரல் நாளுக்கு நாள் இறுகி மூச்சு நின்றுவிடும். அதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. மன வேதனையில் ஒரு நிமிஷம் தப்பாக முடிவெடுத்துவிட்டு, மறுநாள் "என்னைக் காப்பாத்துங்க" என்று கதறியவர்களை நம் தோட்டங்கள் கண்டிருக்கின்றன. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

மருந்தடிக்கும் பெண்களின் நிலையைப் பற்றி 2002இல் தெனகானித்தா அமைப்பும் பினாங்கிலுள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் பராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. பிறகு இழுத்து இழுத்து, கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவில் பதினேழு வருஷம்! இன்றைக்கும் யார் வீட்டுப் பரணிலாவது பழைய போத்தல் இருந்தால் அதைத் தொடாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, விவசாய இலாகாவில் கேட்டு ஒப்படையுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

இனி நம் அக்காவின் தோம்புக்கு வருவோம். மருந்தின் கடுமையை ஆராய்ச்சிக்காரர்கள் அளக்கும் ஒரு வழி உண்டு. எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்து, பாதி எலிகள் சாகும் அளவு எவ்வளவு என்று பார்ப்பார்கள். எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்குப் பராகுவாட் ஏறக்குறைய 150 மில்லிகிராம். சாப்பாட்டு உப்பு 3,000. வினிகரில் உள்ள அமிலம் 3,300. ரவுண்டப் என்று நாம் அறிந்த கிளைபோசேட் 5,000க்கும் மேலே. எண் குறையக் குறையக் கடுமை கூடும். இந்தக் கணக்கில் பார்த்தால், மகள் வாங்கி வந்த இயற்கை மருந்தின் சத்து கிளைபோசேட்டைவிடச் சற்றுக் கடுமையானது என்றல்லவா ஆகிறது!

ஆனால் எலிக் கணக்கு ஒரே நாளில் விழுங்கினால் என்ன ஆகும் என்பதை மட்டும்தான் சொல்லும். பதினெட்டு வருஷம் முதுகில் ஒழுகினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. வினிகர் அமிலம் மண்ணில் சில நாளில் சிதைந்துவிடும். நம் உடம்பிலும் தங்காது. கண்ணையும் தோலையும் காப்பாற்றிக்கொண்டால் நாள்பட்ட பயம் இல்லை. கிளைபோசேட் விஷயத்தில் உலகமே இரண்டாகப் பேசுகிறது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய அதிகாரிகள் அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்கிறார்கள். இலங்கை அதே 2015இல் தடை செய்துவிட்டு, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதித்தது. நம் நாட்டில் அது விற்பனையில்தான் இருக்கிறது. பெரியவர்கள் வழக்காடி முடிக்கும் வரை, தினமும் அதைக் கையாள்கிறவர்கள் அதை ஆபத்தானது என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது என்பது என் கருத்து.

பராகுவாட் போன பிறகு பல தோட்டங்களில் குளுபோசினேட் என்ற மருந்துக்கு மாறியிருக்கிறார்கள். பாஸ்தா என்ற பெயரில் வந்ததே, அந்த வகை. ஒரு வாயில் உயிர் போகிற மருந்து இல்லைதான். ஆனால் கருத்தரிப்புக்கும் கருவிலுள்ள பிள்ளைக்கும் கேடு செய்யும் என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டு, 2018இல் அங்கே அதன் அனுமதி முடிந்துபோயிற்று. இளம் பெண்கள் இதை மறக்கக் கூடாது.

சரி, இயற்கை மருந்து வேலை செய்யுமா? அதுதானே அக்கா அடுத்துக் கேட்டது. என் வீட்டு வாசலில் நானே ஒரு முறை செய்து பார்த்தேன். காலை பத்து மணிக்கு நல்ல வெயிலில் அடித்தேன். மத்தியானம் சாப்பிட்டு எழுந்து வந்தால் புல் பழுப்பு நிறம்! எனக்கே ஆச்சரியம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், விதையிலிருந்து புதிதாக முளைத்த குட்டிக் களைகள்தான் செத்திருந்தன. வேர் பிடித்த புல்லெல்லாம் முன்னைவிடப் பச்சையாக நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

காரணம் எளிது. வினிகர் அமிலம், கிராம்பு எண்ணெய், பெலார்கோனிக் அமிலம் என்று கடைகளில் வரும் இயற்கை மருந்துகள் எல்லாம் பட்ட இடத்தைச் சுடுகிறவை. இலை கருகும், வேர் பிழைக்கும். அந்த விதத்தில் அவை பராகுவாட்டின் வேலையைத்தான் செய்கின்றன, உயிர்க்கொலை விஷம் இல்லாமல். கிளைபோசேட் அப்படியல்ல. இலை வழியாக உள்ளே போய், செடியின் சாற்றோடு வேர் வரை இறங்கி, புல் தன் வளர்ச்சிக்கு வேண்டிய சத்தைத் தயாரிக்க முடியாமல் தடுத்துவிடும். மண்ணுக்கடியில் கிழங்குபோல் ஓடும் லாலாங் வேரை அது கொல்லும். லாலாங்குக்கு வினிகர் அடிப்பது, ஒட்டுப்பால் உருவிய கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுகிற மாதிரி.

அளவையும் யோசியுங்கள். 16 லிட்டர் பம்பு ஒன்றுக்குக் கிளைபோசேட் 100, 150 மில்லி ஊற்றுவோம். 20 விழுக்காட்டு வினிகர் என்றால் பம்பு முழுவதும் அதுவேதான், தண்ணீர் கலக்க இடமில்லை. களை முழுவதும் சொட்டச் சொட்ட நனைய வேண்டும், மாதா மாதம் திரும்ப அடிக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் இது கட்டுப்படியாகுமா? அடிக்கிற பெண்ணின் முதுகில் ஏறுவதும் 16 லிட்டர் அமிலம் அல்லவா?

அதனால்தான் சொல்கிறேன், தோட்ட அளவில் இயற்கை வழி போத்தலில் வராது. அது நமக்குத் தெரிந்த வழியிலேயே இருக்கிறது. மறுநடவு செய்த நிலத்தில் கொடி போடுவார்களே, பூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்று, அது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். கொடி தரையை மூடினால் களைக்கு வெயில் கிடைக்காது. வெயில் இல்லாவிட்டால் லாலாங் மெலிந்துவிடும். அவரைக் குடும்பத்துக் கொடியானதால் காற்றிலுள்ள தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும். 1990களில் இந்தியாவிலிருந்து முக்குனா பிராக்டியாட்டா என்ற முரட்டுக் கொடி வந்தது. அது படர்ந்த இடத்தில் வேறு புல் தலை தூக்காது. ஆனால் அது செம்பனைக் கன்றின் மேலேயே ஏறிக் கழுத்தை நெரிக்கும், ஆள் வைத்து இழுத்துவிட வேண்டும். நம் நாட்டில் சரியாக விதைக்காது, வெளியிலிருந்து விதை வாங்க வேண்டும். எந்த நல்லதிலும் ஒரு வேலை இருக்கத்தான் செய்கிறது!

ஆலையிலிருந்து வரும் வெறும் குலைகளைச் செம்பனைக்கு இடையில் பரப்பினாலும் களை அடங்கும், மண்ணும் ஈரமாக இருக்கும். குவித்துப் போட்டால் மட்டும் காண்டாமிருக வண்டு குடிவந்துவிடும், ஒரு அடுக்காகப் பரப்ப வேண்டும். ரோட்டோரத்தில் சில தோட்டங்களில் வெள்ளைப் பூ, மஞ்சள் பூச் செடி வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு இல்லை. செம்பனை இலையைத் தின்னும் கூட்டுப்புழுவைக் கொல்கிற குளவிகளுக்கு அந்தப் பூவில் தேன். அதையும் களை என்று நினைத்து மருந்தடிக்கும் புது ஆட்கள் உண்டு.

மாட்டை மறந்துவிட்டோமா? லயத்துக்கு லயம் நம்மவர்கள் மாடு வைத்திருந்தார்கள். மாடு செம்பனைக்கு இடையில் மேய்ந்தால் மருந்துச் செலவு குறைகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினார்கள். அதே காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், மாட்டை விற்றுவிடு, இல்லையேல் வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இளங்கன்றின் ஓலையை மாடு கடிக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அது உண்மைதான், வளர்ந்த நிலத்தில் மட்டும் விட்டிருக்கலாம். ஒரு கையால் மாட்டை விரட்டி, மறு கையால் மருந்து வாங்கினார்கள்.

அந்த மருந்தும் எல்லாக் காலத்துக்கும் கைகொடுக்கிறதா? கேழ்வரகின் இனத்தில் ஒரு களைப்புல் உண்டு. மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்பார்கள். கதிர், விரல் விரித்த மாதிரி இருக்கும். திரும்பத் திரும்ப ஒரே மருந்தை அடித்ததில், 1990இல் நம் நாட்டில் அந்தப் புல் பராகுவாட்டுக்குச் சாகவில்லை. 1997இல் தெலுக் இந்தான் பக்கம் கிளைபோசேட்டுக்குச் சாகவில்லை. 2009இல் குளுபோசினேட்டுக்கும் சாகவில்லை, உலகத்திலேயே முதலாவதாக! பிறகு மூன்றுக்குமே அசையாத புல்லும் இங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு மண்வெட்டிதான் மருந்து. மருந்து வந்ததும் களைவெட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்களே, அந்தப் பாட்டிமார்களின் கை இன்று இல்லை.

வீட்டுக் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். வினிகரோடு உப்பும் சவர்க்காரத் தூளும் கலந்து அடி என்று எவரோ சொன்னதைக் கேட்டுச் செய்யாதீர்கள். வினிகர் போய்விடும், உப்பு மண்ணில் நிற்கும். அடுத்த முறை கத்தரி வராது. சுடுதண்ணீர் சிமெண்டு இடுக்கில் உள்ள புல்லுக்கு நல்ல மருந்து, காலில் ஊற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செடிக்கு நடுவில் தென்னை மட்டை, காய்ந்த புல், பழைய பத்திரிகை போட்டு மூடினாலே பாதிக் களை வராது (இந்தப் பகுதியைப் படித்து முடித்துவிட்டுப் போடுங்கள்!). கித்தாப் பால் உறைய வைக்கும் ஆசிட்டைச் சிலர் புல்லுக்கு அடிப்பதாகக் கேள்விப்படுகிறேன். அது பெரும்பாலும் பார்மிக் அமிலம், வினிகரைவிட மிகக் கடுமையானது. வேண்டவே வேண்டாம். எந்த மருந்தையும் குடிக்கிற போத்தலில் மாற்றி வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், லேபலையும் கையோடு எடுத்துக்கொண்டு.

இன்னும் மருந்தடிக்கிற வேலையில் இருப்பவர்களே, பச்சை லேபலோ வேறு லேபலோ, சட்டம் ஒன்றுதான். 2000ஆம் ஆண்டின் இரசாயன விதிமுறைப்படி, அந்த மருந்தில் என்ன ஆபத்து என்று முதலாளி மதிப்பீடு செய்திருக்க வேண்டும், உங்களுக்கு விளங்கும்படி சொல்லித்தர வேண்டும், மருத்துவப் பரிசோதனை தேவைப்பட்டால் அவர் செலவில் செய்ய வேண்டும். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் இந்த வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் சான்று கொடுத்தால், வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். கையுறைக்கும் கண்ணாடிக்கும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. 2024 ஜூன் முதல் நாளிலிருந்து இன்னொன்றும் நடப்பில் இருக்கிறது: உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், மண்டோரிடம் சொல்லியும் சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காகத் தண்டிக்கக் கூடாது. ஒழுகுகிற பம்பை "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மாட்டிவிடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று திருவிழாவில், அக்காவின் தோம்பை வீணாக்க மனமில்லை. மகளைக் கூப்பிட்டேன். காலேஜ் ஆய்வுக்கூடத்துக்கு வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி அவளிடம் இருந்தது. அக்கா அதை மாட்டிக்கொண்டு, ரப்பர் கையுறை போட்டு, வாசல் சிமெண்டு இடுக்கில் முளைத்திருந்த குட்டிப் புல்லுக்கு மட்டும் அடித்தார். கத்தரிப் பாத்திக்கு அரிவாளே போதும் என்று முடிவு. மிச்சத்தை மகள் பூட்டிய அலமாரிக்குள் வைத்தாள். மேளச் சத்தம் நெருங்கிவிட்டது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு லேசா இருக்குதே தம்பி. பதினெட்டு வருஷத்துல ஒரு நாளு இத எங்களுக்கு யாரும் கொடுக்கலியே" என்றார்.